விரற்கடை தள்ளி

அணு உலையில் எரிபொருளைப் பொதிந்து வைக்கும் உலோகக் குழாய், எந்தச் சூட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று வெடிக்க வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. சோதனைக் கூடத்தில் அவளுக்குக் ‘கறார்ப் பேர்வழி’ என்று பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த மாதம் வந்த குழாய்கள் எண்ணூறு டிகிரியிலேயே உப்பி, டப்பென்று கிழிந்தன. ‘வலு போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவற்றைச் செய்த பட்டறையின் மேற்பார்வையாளன் அவளுடைய கொழுந்தன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான். “அண்ணி, இன்னொரு தடவை பாக்க முடியுமா? எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“சொந்தக்காரங்கிறதுக்காக நம்பரை மாத்துற ஆளு நான் இல்ல.”

கணவன், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அடுத்த வாரம் அவனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, மேலிடத்திலிருந்து வந்தவர்களுக்குச் சோதனையைச் செய்து காட்ட, போன வருடமே தேறிய குழாய் ஒன்றை மின் உலையில் ஏற்றினாள். அதுவும் எண்ணூறிலேயே கிழிந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். போன வருடம் இதே சூட்டை அது தாங்கியிருந்தது.

அவர்கள் போனதும் குழாயை எடுத்துப் பார்த்தாள். சூடு அளக்கும் கம்பியின் நுனியைக் குழாயின் நட்ட நடுவில் பற்றவைத்திருக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கம்பி காட்டியதைவிட நடுப்பகுதி எழுபது டிகிரி கூடுதலாகக் கொதித்திருக்கிறது. கம்பிக்கு இடம் குறிக்கும் அளவுச் சட்டத்தை மாற்றிச் செய்யச் சொன்னது அவளேதான்.

தலைமைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கிடங்குக்குப் போனாள். அவன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாலு பேர். அவர்கள் போகட்டும் என்று நிற்கத் தோன்றியது; நிற்கவில்லை.

“தம்பி, தப்பு என்னோடது. நான் மாத்தின அளவுச் சட்டம்தான் காரணம். உங்க குழாய்ல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“எப்ப மாத்தினீங்க அண்ணி?”

“மூணு மாசமாச்சு.”

“அப்போ அதுக்குள்ள நீங்க தள்ளின மத்த குழாய்ங்க? பக்கத்துப் பட்டறைப் பெரியவர் வேலையை விட்டே போயிட்டாரே.”

அவளுக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. வீட்டில் எப்படித் தலைகாட்டுவது என்பதைத்தான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள்.

“அவர் வீடு எனக்குத் தெரியும்,” என்று சீட்டுக் கட்டைக் கீழே வைத்தான். “வாங்க, நானும் வர்றேன்.”

அவன் முன்னால் நடந்தான். பக்கத்தில் போக அவளுக்குக் கால் வரவில்லை. நாலடி பின்னாலேயே போனாள்.