போன மாதத் தேதி

அன்றைக்கு வெர்னா ஹோல்கமின் சமையலறையில் இருந்தவர்கள் நாலு பேர்: வீட்டை விற்கும் வெர்னா, அமெரிக்காவின் டொலிடோ நகரில் நாற்பது வருடமாக வீட்டுத் தரகு உரிமம் வைத்திருக்கும் ஹார்லன் டிபெட்ஸ், அதே உரிமம் பெற்ற அவர் மகன் கர்ட், ஜன்னலை அளந்துகொண்டிருந்த வாஸ்... இந்த வாஸ் வராமல் இருந்திருந்தால் என்ன, வந்ததால்தானே வெர்னா கேட்டாள், "யாருப்பா இது, என் ஜன்னலை எதுக்கு அளக்கறான்?" கர்ட் சிரித்தான், "வீட்டை எடுத்துக்கப்போறவர், ஆன்ட்டி." "நீதானே வாங்கறேன்னு சொன்ன?" "சொன்னேன்... ஒப்பந்தத்தை இவருக்குக் கை மாத்திவிடறேன், எல்லாரும் பண்றதுதான்." எல்லாரும் என்றால் யார் என்று ஹார்லனுக்கு உள்ளே ஓடியது, டிபெட்ஸ் வீட்டில் யார் அப்படிப் பண்ணினார்கள், உரிமம் உள்ளவன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே விற்பவருக்கு அறிவிப்பு எழுதிக் கொடுக்க வேண்டாமா, நான் தரகன், எனக்காக வாங்குகிறேன், லாபத்துக்குக் கை மாற்றுவேன் என்று... தெரியாதா இவனுக்கு, தேர்வில் எழுதித்தானே தேறினான், தன் கம்பெனி பெயரில் ஒப்பந்தம் போட்டால் உரிமத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துவிட்டானா, கம்பெனிக்கு வைத்த பெயரும் டிபெட்ஸ்தானே...

கர்ட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான், அந்த அறிவிப்பேதான், ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம் கழித்து வருகிறது, "சும்மா ஒரு ஃபார்ம், ஆன்ட்டி, தேதி மட்டும் போன மாசம் பன்னெண்டுன்னு போடுங்க." வெர்னா பேனாவை எடுக்கவில்லை, ஹார்லனைப் பார்த்தாள். "உங்க பேரை நம்பித்தான் இவனை உள்ள விட்டேன், ஹார்லன். நீங்க சொல்லுங்க, போடட்டுமா?" வேண்டாம் என்று ஹார்லன் ஒரு வார்த்தை சொன்னால் கர்ட்டின் உரிமம் போய்விடும், ஆபீஸ் வாசலில் கர்ட்டின் தாத்தா மாட்டிய பலகை இறங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்த வரிசையில் போய் உட்காருவது... போடு என்றால் பலகை இருக்கும், பலகையில் இருக்கும் பெயர், அது யாருடையது, போன மாதமே போய்விட்டதா, இல்லை இதோ இப்போதுதான் போகிறதா... வாஸின் அளவு நாடா சர்ரென்று சுருண்டது. "பேசாம இருக்கீங்கன்னா சரின்னுதானே அர்த்தம்" என்றாள் வெர்னா, குனிந்து எழுதினாள், போன மாதம், பன்னிரண்டு.

கிழவர் பாவம், அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார், வெர்னா எழுதிய தேதி கண்ணுக்குத் தெரியவில்லை என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடி போட்டிருந்தார்.