ஊர்த் தண்ணீரின் சோதனை முடிவு

பெரு நாட்டில் மலைமேல் இருந்த அந்தச் சுரங்க ஊரின் சந்தையில் நெலிதா வராங்கா சூப்புக் கடை வைத்திருந்தாள். ஒருநாள் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து குழாய்த் தண்ணீரைச் சோதனைக்குப் பிடித்துப் போனார்கள். அதன்பிறகு பேச்சுமூச்சில்லை. அவள் மகன் வில்மர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் தன் பெயரை எழுதத் திணறிக்கொண்டிருந்தான். தண்ணீரில் என்ன இருக்கிறதென்று கேட்டு, தகவல் அறியும் சட்டப்படி மனுப் போட்டாள்.

"அப்படி ஒரு சோதனையே நடக்கலையேம்மா," என்றார் சுகாதார அலுவலக எழுத்தர்.

"என் கடை வாசல்லதான சார் பிடிச்சாங்க? சூப்பு வேற குடிச்சிட்டுப் போனாங்க."

மேல்முறையீட்டுக்காகத் தலைநகர் லீமாவுக்கு வருஷக்கணக்கில் பஸ் ஏறி இறங்கினாள். இதற்கிடையே சட்டத்தைக் கடுமையாக்கி, மறைக்கும் அதிகாரிக்குத் தண்டனை என்றார்கள். அப்புறம்தான் நடக்காத சோதனையின் முடிவு அதே அலுவலகத்தில் அகப்பட்டது.

தண்ணீரில் சுரங்கத்திலிருந்து வரும் ஈயம்; பிள்ளைகளின் மூளையை மந்தமாக்கும் விஷம். இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்த அளவைப்போல நாலு மடங்கு.

நெலிதா அதை நகலெடுத்துச் சந்தைச் சுவரில் ஒட்டினாள். ஊரே திரண்டு நகராட்சி வாசலில் நிற்கும் என்று நம்பினாள்.

முதலில் நின்றது பாலாடைக்கட்டி வியாபாரம். கட்டி வாங்க வன்காயோ நகரத்திலிருந்து வரும் லாரிக்காரர்கள், அந்தத் தண்ணீர் குடித்த மாட்டின் பாலாயிற்றே என்று, சுவரைப் படித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார்கள். மறுநாள் தொமித்திலா வந்து நின்றாள். பாலாடைக்கட்டி விற்பவள், வில்மரின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள்.

"யாரைக் கேட்டுடி ஒட்டின?"

"நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணியாச்சேக்கா."

"தெரிஞ்சு என்ன கிழிக்கப் போற? வேற ஆத்தைக் கொண்டாரப் போறியா? என் புருஷனுக்குச் சுரங்கம், எனக்கு இந்தச் சீஸு. ரெண்டுலயும் மண்ணப் போட்டுட்டியே!"

"உன் பேத்திக்கும் ஓயாம வயித்து வலின்னியேக்கா..."

"பேசாத!" தொமித்திலா சுவர்ப் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

அவள் காகிதத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். ரொட்டிக்காரி ஈரத்துணி கொண்டுவந்தாள். உருளைக்கிழங்குக் கடைக்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார். மேயரோ சுரங்கத்து ஆட்களோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் வரத் தேவையும் இருக்கவில்லை.

அன்று சூப்புக்கும் ஆள் வரவில்லை. நெலிதா பானையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். விளையாடிவிட்டு வந்த வில்மர், "அம்மா, தாகமா இருக்கு" என்றான்.

கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது என்று அந்தச் சோதனை முடிவிலேயே எழுதியிருந்தது. ஊரில் வேறு தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.