மூன்றாவது கம்பி

அன்னக்கொடியின் மோட்டார் இரண்டாவது தடவை கருகியபோது நெல் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதன் செம்புக் கம்பிக் காயிலைக் கட்டிக் கொடுத்த ஜமீலைத்தான் முதலில் ஏசினாள். திருமங்கலத்தில் கடை வைத்திருந்த ஜமீல் மறுபடி கட்டினார். மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றித் தானும் கூட வந்துவிட்டார்.

"இந்த வாரம் தண்ணி பாயலேன்னா அம்புட்டும் பதருதான் பாய்," என்றாள்.

"மோட்டாரு வண்டியிலயே இருக்கட்டும் தங்கச்சி. கரண்டைப் பாப்போம்."

வந்திருந்த மூன்று கம்பிகளில் இரண்டிரண்டாக மீட்டரை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் ஒரே அளவு காட்ட வேண்டும். முதல் ஜோடி நானூறு வோல்ட் காட்டியது. மற்ற இரண்டும் முந்நூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

"மூணாவது கம்பி எளைச்சுக் கெடக்கு. இதுல எவன் கட்டுன காயிலும் நிக்காது."

பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் இதே கம்பிதான் போகிறது.

"அது கொஞ்சம் நிக்கணும். நின்னாத்தான் நெசம் தெரியும். யாரு கெணறு?"

"எங்க கொழுந்தன். பேச்சு வார்த்தை இல்ல."

நிலம் பிரித்ததிலிருந்து அப்படித்தான். இருந்தாலும் ஜமீலின் பின்னால் வரப்பில் நடந்தாள். கொழுந்தன் சின்னச்சாமி மம்பட்டியோடு நின்றிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"மோட்டாரை அமத்தச் சொல்லுங்க பாய்."

"ஏன், கண்ணை உறுத்துதான்னு கேளுங்க பாய்," என்றான் சின்னச்சாமி. "அவுக மோட்டாரு கெட்டா எனக்கும் தண்ணி பாயக் கூடாதா?"

"உறுத்துறதுக்கு அங்க என்ன வெளைஞ்சு கெடக்குன்னு கேளுங்க."

ஜமீல் இரண்டையும் கேட்கவில்லை. மோட்டார் ரூமுக்குள் போனவர் உடனே வெளியே வந்தார்.

"அண்ணே, ஒங்க மோட்டாரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தொட்டவன் கையை உதறினான். வார்னிஷ் கருகும் வாடை அடித்தது. சிவப்புப் பொத்தானை அவனே அமுக்கினான்.

சத்தம் அடங்கியது. ஜமீல் அங்கேயே மீட்டரை வைத்தார். முதல் ஜோடி அதே நானூறு. மூன்றாவது கம்பியைத் தொட்டபோது முள் எழவே இல்லை.

"கரண்டு வர்றது ரெண்டுலதான். ஓடுற மோட்டாரு மூணாவது கம்பியிலயும் கொஞ்சம் கரண்டைத் திருப்பி விடும். அந்த எளைச்ச கரண்டைத் தின்னுதான் தங்கச்சி மோட்டாரு கருகுச்சு. அது ஓடுனப்ப ஒங்க மோட்டாரு அதுக்கும் சேத்து இழுத்துச்சு."

"காலையில நல்லாத்தானே கெளம்புச்சு?" என்றான் சின்னச்சாமி.

"அப்ப மூணுலயும் வந்திருக்கும். நடுவுல ஒண்ணு விட்டுருக்கு."

வயர்மேன் சுருளியைக் கூட்டி வந்தார்கள். டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸின் பிடி தளர்ந்து கரியேறிக் கிடந்தது. சூடேறினால் விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சுருளி லைனை அணைத்துவிட்டு ஏறினார். கரியைச் சுரண்டி, பிடியை முறுக்கி வைத்தார். இப்போது மூன்று ஜோடியும் நானூறு காட்டின.

அன்னக்கொடியின் மோட்டாரை இறக்கி மாட்டினார்கள். முனகாமல் ஓடியது. ஜமீல் வெகுநேரம் அதன் மேல் கையை வைத்திருந்தார்.

சின்னச்சாமியின் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. அதைக் கழற்றி, காலியாக நின்ற வண்டியில் ஏற்றினார்கள்.

"எப்பத் தருவீங்க பாய்?"

"கடையில மூணு மோட்டாரு முன்னால நிக்குது. அடுத்த வாரம் வாங்க."

சின்னச்சாமி தன் வயலைப் பார்த்தான். அவனுடையதும் பால் பிடிக்கும் நெல்தான்.

அன்னக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து முதல் வயலுக்குள் புகுந்தது. வெடிப்புகள் குடித்து முடிக்கும்வரை அது நகரவில்லை.

"பாய்," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே. "என் வயலு மூணும் பாஞ்சதும் மடையை அவரு பக்கம் திருப்பிக்கிடட்டும். என்கிட்ட வந்து கேக்க வேணாம்னு சொல்லிருங்க."

ஜமீல் சொல்லத் தேவையிருக்கவில்லை. சின்னச்சாமி மம்பட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாவது வயலின் கடைமடைக்குப் போய் உட்கார்ந்தான்.