குரோமியத்துக்கு ஒரு மதிப்பெண்

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அந்த வேதியியல் டீச்சருக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். விடைக்குறிப்பில் இருப்பதற்கு மேல் அவரிடமிருந்து அரை மதிப்பெண்கூடப் பெயராது.

மூன்றாம் நாள் மதியம் கண் எரிய ஆரம்பித்திருந்தது. குரோமியம் அணுவின் இருபத்துநான்கு எலக்ட்ரான்களும் எந்தெந்த ஆற்றல் மட்டங்களில் நிரம்பும் என்பது கேள்வி. கடைசி ஆறில் நான்கு 3d-யில், இரண்டு 4s-இல் என்றது விடைக்குறிப்பு. கையிலிருந்த தாளில் ஐந்து, ஒன்று என்று இருந்தது. பெருக்கல் குறி போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனவர், கீழே நுணுக்கி எழுதியிருந்ததைப் படித்தார்.

‘வழக்கமான வரிசை இங்கே செல்லாது. 3d-யின் ஐந்து இடங்களிலும் ஒவ்வொன்று இருந்தால் அணுவுக்கு நிலைத்தன்மை அதிகம். அதனால் 4s-இலிருந்து ஒன்று அங்கே போய்விடுகிறது.’

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷமாக அவரே கரும்பலகையில் எழுதிப்போடும் விஷயம். குறிப்பைப் பார்த்துப் பார்த்துக் கை தன்பாட்டுக்குப் பெருக்கல் போட்டிருக்கிறது. இதுவரை எத்தனை பேருக்கோ.

எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போனார்.

“சார், குறிப்பு தப்பு.”

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தப்புதான் டீச்சர். ஆனா பாதி விடைத்தாள் முடிஞ்சு போச்சே. ஒரு மார்க்தானே, விட்டுடுங்க.”

“சரியா எழுதின பிள்ளைங்களுக்கு நானே பெருக்கல் போட்டிருக்கேன் சார். வீட்டுக்குப் போனா சோறு இறங்காது.”

“எல்லாத்தையும் மறுபடி பிரிக்கச் சொன்னா, மத்தவங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.”

“அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

கூடத்தின் நடுவில் நின்று, தன் தவறையும் சேர்த்தே சொன்னார். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதுன்னா இதுதான்” என்று யாரோ முனகினார்கள். பிறகு ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த ஒரு வாத்தியார், கட்டி வைத்திருந்த தன் விடைத்தாள் கட்டை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். “நானும்தாம்மா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்” என்றார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

முடிக்க மறுநாள் மாலை ஆயிற்று. நூற்றுப் பதினேழு தாள்களில் பெருக்கல் அடிபட்டு, பக்கத்தில் கையெழுத்தோடு ஒரு மதிப்பெண் ஏறியது. நுணுக்கி எழுதிய பிள்ளைக்கு அந்த ஒன்று அவசியமே இல்லை. அந்தத் தாள் ஏற்கெனவே முழு மதிப்பெண்ணை நெருங்கியிருந்தது. ஆனால் வேறு நான்கு பேர் அந்த ஒன்றால் தேறினார்கள். யாரென்று டீச்சருக்குத் தெரியாது. தாள்களில் எண் மட்டும்தான். அந்த நான்கையும் அவர் இன்னொரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுக்குள் வைத்தார்.