முறியாத சாம்பல்

இழுக்காமல் விட்டால் தானாக அணைந்துவிடும் சிகரெட்டுகளையே விற்க வேண்டும் என்று எங்கள் நியூயார்க் மாநிலத்தில் சட்டம் வந்த பிறகுதான், நான் பள்ளிச் சமையலறை வேலைக்குச் செல்லத் துணிந்தேன். என் கணவர் வெண்டல் முதுகுவலி மாத்திரையை விழுங்கினால், சாய்வு நாற்காலியில் புகைத்தபடியே உறங்கிவிடுவார். அதுவரை, அவருடைய விரலிடுக்கிலிருந்து சிகரெட்டை மெல்ல உருவி எடுப்பதற்காகவே நான் வீட்டில் இருந்தேன்.

புதிய சிகரெட் அவருக்குப் பிடிக்கவில்லை. பேசி முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது என்று வருவோரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார். எனக்கோ, அவர் மீண்டும் மீண்டும் லைட்டரைத் தட்டும் ஓசையே நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் பிற்பகல் நான் வீடு திரும்பியபோது வெண்டல் உறங்கிக்கொண்டிருந்தார். சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சிகரெட், முறியாத நீண்ட சாம்பலாகக் கிடந்தது. எவரும் தொடாமலே அடிவரை எரிந்திருந்தது. சட்டம் வந்த பிறகு அப்படியொரு சாம்பலை நான் கண்டதில்லை.

சமையலறையில் அவருடைய தம்பி மெர்ல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பென்சில்வேனியாவில், எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். என்ன கொண்டுவந்தீர்கள் என்று தயங்கித்தான் கேட்டேன்.

"பழைய சிகரெட்டுதான் அண்ணி. எங்க பக்கம் இந்தச் சட்டமெல்லாம் ஏது? அண்ணன் பாவம், பத்தவச்சுப் பத்தவச்சே கை ஓஞ்சுட்டாரு. இப்பப் பாருங்க, குழந்தை மாதிரி தூங்குறாரு."

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

"எத்தனை பத்தவச்சாரு, மெர்ல்?"

"ரெண்டு."

கிண்ணத்தில் இருந்தது ஒன்றுதான்.

கூடத்துக்கு ஓடினேன். வெண்டலின் தொடையருகே, நாற்காலி மெத்தையின் இடுக்கிலிருந்து நூலிழை போலப் புகை எழுந்துகொண்டிருந்தது. தீச்சுடர் எதுவும் தெரியவில்லை. அதுவே என்னை மேலும் அஞ்சச் செய்தது. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்த நீரை வாளியில் மொண்டுவந்து ஊற்றினேன். மெத்தை சீறியது.

வெண்டல் திடுக்கிட்டு எழுந்தார். கால்சட்டையில் விழுந்திருந்த ஓட்டையையும், அதனடியில் சிவந்திருந்த தோலையும் வெகுநேரம் பார்த்தார்.

"மிச்சத்த எடுத்துட்டுப் போயிருடா," என்றார் தம்பியிடம்.

மெர்ல் எடுத்துக்கொண்டு போனார். ஆயினும் எல்லை, காரில் அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. வெண்டல் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். எதிரே அமர்ந்து, லைட்டர் மறுபடி தட்டப்படும் ஓசைக்காகக் காத்திருந்தேன்.