பேச்சித்தாய் வாசித்த தாள்

மேலகரத்துப் பேச்சித்தாய் வாசித்த எழுத்து அதன்பிறகு தாளில் நிற்பதில்லை என்பது 1938-ஆம் வருஷம் ஆவணி மாதம் தெரியவந்தது. அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் பத்து நாள் முந்தியே நின்றுபோனது, தென்காசிச் சந்தையில் கத்தரிக்காய் கேட்பாரற்றுக் கிடந்தது, எழுத்து விஷயமும் அவற்றோடு மூன்றாவதாகப் பேசப்பட்டது. ப என்ற அட்டையைப் பார்த்து அவள் ப என்று வாய்விட்டுச் சொன்னால், பிறகு அட்டையில் ப இருக்காது. அழித்த தடமோ மை கலங்கிய கறையோ கிடையாது. அச்சகத்திலிருந்து வெற்றட்டையாகவே வந்தது போல இருக்கும். முதல் நாள் எட்டு அட்டைகள் போயின. சொல்லிக்கொடுத்த ஞானப்பூ, மிஷன் அனுப்பியது மட்டமான சரக்கு என்று நினைத்து, மறுநாள் தன் கையாலேயே கறுப்பு மையில் தடிமனாக எழுதிக் கொண்டுவந்தாள். அவையும் போயின.

ஞானப்பூ முப்பத்திரண்டு வயது விதவை. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்தவள். வயதுவந்த பெண்களுக்கு எழுத்தறிவித்து, அந்த வழியாக வேதத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மிஷன் அவளை மேலகரத்துக்கு அனுப்பியிருந்தது. ஆனா ஆவன்னா என்று எழுத்துக்குப் பேர் சொல்லிப் படிப்பிக்கிற பழைய வழக்கம் அவளுக்கு ஆகாது. பேர் எதற்கு, ஓசை போதும். ப, ட, கு என்று ஓசைகளைத் தனித்தனியே பிடித்துப் பிறகு சேர்த்தால் கலிலேயாக் கடலில் ஒரு படகு வந்து நிற்கும் என்பது அவள் கற்ற ஒலிமுறை. ஆடு, வலை, மீன், அப்பம் என்று படம் போட்ட அட்டைகளும் வைத்திருந்தாள். மூன்று மாதத்தில் ஒருத்தி மாற்கு சுவிசேஷத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களை அங்கே யாரும் பார்த்ததில்லை. சேர்ந்த பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் ஐப்பசிக்குள் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவள் பேச்சித்தாய் ஒருத்தி, அவளிடத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இப்படி ஒன்று.

பேச்சித்தாய்க்கு வேதத்தின்மேல் ஆசை கிடையாது. அதை அவள் மறைக்கவும் இல்லை. அவளுடைய ஒரே மகன் தளவாய் ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். நாலாம் வகுப்பு படித்தவன், வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவான். அந்தப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் சொந்தக்காரரான பண்ணை குத்தாலிங்கம்தான் அவற்றை வாசித்துச் சொல்லுகிறவர். களத்தில் நாலு பேர் கேட்க உரக்க வாசிப்பார். ஒருமுறை அவர் வாசித்துத் தாளை மடித்தபோது, கடைசி ஐந்து வரிக்கு அவர் வாய் அசையவே இல்லை என்பதைப் பேச்சித்தாய் பார்த்துவிட்டாள். மை இருந்த தூரத்துக்குப் பேச்சு வரவில்லை. கேட்டதற்கு, "சும்மா சொவம் விசாரிச்சிருக்கான், நீ போ ஏட்டி" என்றார். அந்தத் தாளை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்த ஞானப்பூதான் அந்த ஐந்து வரியையும் வாசித்துச் சொன்னாள். 'அம்மா, இனி பண்ணை வீட்டுப் புறவாசலில் கைகட்டி நிற்காதே, நான் வந்து உன்னைக் கூட்டிப்போவேன்' என்று தளவாய் எழுதியிருந்தான். இரண்டு வருஷமும் அவள் அதே புறவாசலில் நின்றிருந்தாள்.

"எம்மவன் பேச்ச முழுங்கிட்டாவ, டீச்சரம்மா" என்றாள் பேச்சித்தாய். "இனிமே எனக்கு வாற கடுதாசிய நாந்தான் வாசிப்பேன். அது இன்னொருத்தர் வாயில போவக் கூடாது." மறுநாள் வகுப்புக்கு முதல் ஆளாக வந்தாள். நாற்பத்தெட்டு வயதில் அவள் படிக்க வந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

ஓசைகளை அவள் அபாரமாகப் பிடித்தாள். ஒரு வருஷத்தில் அவளுக்குத் தெரியாத எழுத்து இல்லை. சேர்ப்பதுதான் வரவில்லை. ப சொன்னதும் ப போய்விடுகிறது; ட வரும்போது அதற்கு முன்னால் வெறும் தாள்; கு வரும்போது ட-வும் இல்லை. எதை எதோடு சேர்ப்பாள்? போன எழுத்தைத் தேடிக் கண் அங்கேயே நிற்கும், அதற்குள் சொன்ன ஓசையும் மறந்துபோகும். "சத்தம் வருது டீச்சரம்மா, சங்கதி வரல" என்பாள். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கச் சொன்னாள் ஞானப்பூ. உதடு அசைந்தாலே எழுத்து போயிற்று. சிலேட்டில் எழுதினால் துடைக்கிற வேலை மிச்சம், வேறு லாபம் இல்லை. வட்டத்துப் பாதிரியார் நேரில் வந்து சுவிசேஷத்தின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பக்கம் வெளுப்பதைக் கண்ணாடியோடு ஒருமுறையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் பார்த்தார். குற்றாலத்து ஈரக்காற்று அச்சு மைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், இந்தப் பெண்ணுக்குப் புதுப் புத்தகம் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதிவைத்துவிட்டுப் போனார். 1940-இல் பேச்சித்தாய் தென்காசிக்குப் போனவள், பழக்கதோஷத்தில் ரயில் நிலையத்துப் பலகையைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மூன்று நாள் பலகை வெறுமையாய் நின்றது. இறங்க வேண்டியவர்கள் எப்போதும்போல இறங்கினார்கள். இதைக் கேள்விப்பட்டு குத்தாலிங்கமே, வாய்க்கால் வழக்கில் தனக்கு வந்த சம்மனை மடியில் செருகிக்கொண்டு அவள் குடிசை வாசலுக்கு வந்தார். "ஏட்டி பேச்சி, இத ஒருக்க வாசிச்சிரு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவர் கெஞ்சியதைத் தெரு முழுக்கப் பார்த்தது. "நான் எம்மவன் கடுதாசிக்குப் படிக்கேன் ஐயா, கோர்ட்டுக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அவள் படிக்கத் தொடங்கியதிலிருந்து கடிதம்தான் ஒன்றும் வரவில்லை. படிக்காத காலத்தில் வருஷத்துக்கு இரண்டு வந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்தது என்று 1942 தை மாதம் செய்தி வந்தது. பங்குனியில் ஊரே விழுந்தது என்றார்கள். அங்கே பிழைக்கப் போனவர்கள் காடும் மலையுமாய் நடந்து வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பக்கத்து இலஞ்சிக்கு ஒருவன் வந்துசேர்ந்தான். அவனுக்கு அவன் பேர் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. ஆனி மாதம், நாற்றங்காலில் நின்றவளிடம் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். அவள் காலில் சேற்றோடு, சாரலில் நனையாமல் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, வகுப்பு நடக்கிற ஜெபவீட்டுக்கு ஓடிவந்தாள். ஞானப்பூ கவரின்மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். அது தளவாயின் கையெழுத்தாக இல்லை. பர்மாவிலிருந்து நடந்தவர்கள் வந்துசேர்கிற சிட்டகாங்கின் தபால் முத்திரை இருந்தது.

"அக்கா, முதல்ல எங்கிட்ட குடுங்க. நான் ஒரு தாள்ல பார்த்து எழுதிக்கிடுதேன், பெறவு நீங்க வாசிங்க. போனாலும் நகல் இருக்கும்."

"நீங்களும் முழுங்கிட்டா?" என்றாள் பேச்சித்தாய். கோபமாகக் கேட்கவில்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் வாசித்தாள். ஒரு பக்கமும் மறுபக்கத்தில் பாதியும் இருந்தது. த, ள, வா, ய் என்று விரல் வைத்து, ஒவ்வொரு ஓசையாக, அவசரமில்லாமல் விட்டாள். எழுத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சேர்க்கத் தெரியாதவள் வாசித்தாள். சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். காதைப் பொத்திக்கொண்டால்கூட அவளுக்குச் சேர்ந்துவிடும். எழுதியவர் ராமநாதபுரத்துக்காரர், தளவாயோடு நடந்து வந்தவர். பன்னிரண்டாம் நாள் தளவாய்க்கு வாந்திபேதி கண்டது. ஒரு ஆற்றங்கரையில் மரத்தடியில் படுக்கவைத்தார்கள். உயிர் போனபிறகு மண்ணைத் தள்ளக்கூட நேரமில்லாமல் இலை தழையைப் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். கடைசியில் அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி ஒரு செய்தி சொன்னான். காய்ச்சலில் குழறியதால் அது என்ன என்று தனக்குப் புரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். கடைசி எழுத்தும் போனது. பேச்சித்தாய் நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரியாச் சொன்னனா டீச்சரம்மா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பல அக்கா" என்றாள் ஞானப்பூ.

அந்த ஊரில் அந்தச் செய்தி இப்போது அவள் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். கர்த்தரே, பலம் தாரும் என்று வேண்டினாள். அன்றைக்கு அவருக்கும் வேறு ஜோலி இருந்தது போலும். சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசித்த இடத்திலேயே கிழித்துப் போடுவது அங்கே வழக்கம். வைத்திருந்தால் இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்பார்கள். அதைச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று ஞானப்பூவுக்குத் தோன்றியது. கோழைத்தனம்தான், ஆனால் அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுருங்க அக்கா."

பேச்சித்தாய் தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பினாள். "சாவுக் கடுதாசியத்தான கிழிப்பாவ? இதுல ஒண்ணுமே எழுதலயே டீச்சரம்மா." அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குத் திரும்பிப் போனாள். தளவாய் என்ன எழுதியிருக்கிறான் என்று குத்தாலிங்கம் வரப்பில் நின்று கேட்டதற்கு, சுகமாக இருக்கிறான் என்று சொன்னதாகக் கேள்வி. அன்று ஞானப்பூ சாப்பிடவில்லை. பண்ணையார் விழுங்கியது ஐந்து வரி, தான் விழுங்கியது ஒன்றரைப் பக்கம் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

சனிக்கிழமை பேச்சித்தாய் அதே தாளோடு வகுப்புக்கு வந்தாள். யுத்தத்தில் தாள் கிடைக்காத காலம். "வெறுந்தாள்தான இருக்கு, இதுலயே எம்மவனுக்குப் பதில் எழுதிக் குடுங்க" என்றாள். இங்கே எல்லாரும் சுகம், கார் நெல் நடவு முடிந்தது, நீ எப்போது வருகிறாய் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஞானப்பூ குனிந்து எழுதினாள். அவள் சொன்னது எதையும் எழுதவில்லை. உங்கள் மகன் ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் செத்துப்போனான், எனக்குத் தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை, என்னை மன்னியுங்கள் அக்கா என்று எழுதினாள். பிறகு தாளை நீட்டினாள்.

"ஒருக்கப் பாத்துக்கிடுதேன்" என்று பேச்சித்தாய் வாசிக்கத் தொடங்கினாள். விரல் வைத்து ஓசை ஓசையாகச் சொன்னாள். பாதியில் ஒருதரம் நிறுத்தி, ஞானப்பூவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தாள். தாள் வெளுத்தது. அவள் அதை நாலாக மடித்தாள்.

"நல்லா எழுதியிருக்கிய" என்றாள். "அடுத்த வாரமும் இப்படியே எழுதுங்க, டீச்சரம்மா."

அடுத்த வாரமும் அதையே எழுதினாள். அதற்கடுத்த வாரமும் எழுதினாள். நாலு வருஷம் ஒரே தாளில், சனிக்கிழமை தவறாமல், ஞானப்பூ எழுதினாள், பேச்சித்தாய் சத்தம்போட்டு வாசித்தாள், தாள் வெறுமையாயிற்று. யுத்தம் முடிந்ததுகூட அந்த வகுப்புக்குத் தெரிந்த மாதிரி இல்லை. 1946-ஆம் வருஷ அறிக்கையில் மேலகரத்தில் தப்பில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று மிஷன் கேட்டபோது, ஒருவர் என்று ஞானப்பூ எழுதி அனுப்பினாள்.