பின்பக்கத்துக் காவி

பிணவறைக்காரர் மேலுதட்டை விலக்கிக் காட்டியதும், "இது என் புள்ள இல்ல" என்றாள் முத்தோனி.

மொம்பாசாக் கடலில் ஆறு நாள் ஊறிய உடம்பு. முகமென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, பற்கள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. அவர்கள் ஊரான கில்கில் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எவனுக்கும் இப்படிப் பல் இருக்காது. அந்தத் தண்ணீர் முளைக்கிற பல்லிலேயே காவியை ஏற்றிவிடும். கால்சட்டைப் பையில் மகன் கரியுகியின் அடையாள அட்டை இருந்ததே என்று அவர் கேட்டார். எவனோ திருடியிருப்பான், திருடினவனுக்குக் கடவுள் கூலி கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரமாகக் கூனியிருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

மகள் நியோகாபி உடம்பின் பக்கத்திலேயே நின்றாள். நான்கு வருடத்துக்கு முன் தம்பியை நகுரு நகரத்துக்குப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனவளே அவள்தான். காவிப் பல்லோடு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு பரிமாற முடியாது என்று கடற்கரை ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கரியுகி சத்தியம் வாங்கிக்கொண்டான். தான் ஊற்றி வளர்த்த தண்ணீர் மகனுக்கு அசிங்கமாகிவிட்டதா என்று அவள் உடைந்துபோவாளாம். அந்தப் பயத்திலேயே பிறகு ஊருக்கும் வரவில்லை. அனுப்பிய போட்டோவிலெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான்.

வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். பல் நிறத்துப் பசையைப் பூசுவது முன்பக்கம் மட்டும்தான். நல்ல பல்லில் பல வருடம் வரும், இந்தக் காவிப் பல்லில் பிடிமானம் குறைவு, மூன்று வருடம் நின்றால் பெரிது. டீ கறை ஏற்றும். சுட்ட சோளத்தை முன்பல்லால் கடித்தால் பெயர்ந்துவிடும். அதிலிருந்து கரியுகி போன் பண்ணும்போதெல்லாம், "இன்னும் விழலக்கா" என்பான். "உன் கல்யாணம் வரைக்கும் தாங்கினா போதும்டா" என்று இவளும் சீண்டுவாள்.

நியோகாபி குனிந்து பார்த்தாள். ஈறோரத்தில், பசை முடிகிற இடத்தில், நூலிழை போலக் கறை படிந்திருந்தது. ஒரு பல்லின் முனை லேசாகச் சிதைந்திருந்தது. அது போதாது, யார் பல்லிலும் இருக்கக்கூடியதுதான். வாயை முழுதாகத் திறக்கச் சொல்லி, கைபேசி விளக்கை உள்ளே அடித்தாள். வெள்ளைப் பற்களின் முதுகு முழுக்கக் காவி. அவள் வாயிலும், அவள் அம்மா வாயிலும் இருக்கிற அதே காவி.

பாழாய்ப்போன பசை சொன்ன கெடுவில் விழுந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அம்மா பார்த்த மாத்திரத்தில் அறிந்து அழுதிருப்பாள். இப்போது தம்பியை அவளே தன் வாயால் கொல்ல வேண்டும்.

நடையில் முத்தோனி, ஊரில் இழவுப் பந்தல் போட்டிருந்த கொழுந்தனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பந்தலப் பிரிச்சிருங்க தம்பி. வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்து அனுப்புங்க. பய எங்கயோ சுத்திட்டு இருக்கான், வரட்டும், காதத் திருகுறேன்."

நியோகாபி அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சித்தப்பா, பந்தல் இருக்கட்டும்."

முத்தோனி மகளைப் பார்த்தாள். போன் இருந்த கை இன்னும் காதோரத்தில் விரிந்தபடி நின்றது. முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவில்லை.